ரூசலின் “பத்மாவதி” ஓபரா – துலூஸ் ஒலிப்பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலைச் செவ்வியல் இசையில் பழக்கமுள்ளவர்களிலும் மிகச் சிலரே அறிந்த ஒரு துன்பியல் ஓபராவை (பாடியே நடிக்கும் மேலைநாட்டு இசை நாடகத்தை) பற்றியும், அதை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கும் ஓர் ஒலிப்பதிவைப் பற்றியும் எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. கதை நம் நாட்டுக் கதை என்பதால், ஐரோப்பியர் கேட்காத சில கேள்விகளையும் நாம் கேட்க நேர்கிறது. கதை நிகழும் ஊர் ராஜஸ்தானத்துக் கோட்டை நகரமான சித்தோர். ஆந்திரத்துச் சித்தூரோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இது எந்த ஓபரா? எந்த ஒலிப்பதிவு?

அல்பேர் ரூசல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் எழுதி, 1923 ஜூன் 1 அன்று பாரிஸ் ஓபராவில் முதன்முதலாக மேடையேறிய “பத்மாவதி” என்னும் இரண்டு அங்க ஓபராவைப் பற்றியே பேசுகிறோம். ஒலிப்பதிவு, தென் பிரான்சின் துலூஸ் நகரில் 1982–83இல் இ.எம்.ஐ. நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டது. இசைக்குழுவை நடத்தியவர் மிஷேல் பிளாசோன். ஓபரா முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். முதலில் இரண்டு இசைத்தட்டுகளாகவும், பின்னர் இரண்டு குறுந்தகடுகளாகவும் வெளிவந்தது.

ரூசல் யார்? அவருக்குச் சித்தோர் கதை எப்படிக் கிடைத்தது?

ரூசல் 1869இல் வட பிரான்சின் துர்க்குவான் நகரில் பிறந்தவர். இசைக்கு வருமுன் அவர் கடற்படை அதிகாரி. கப்பலில் இந்தோசீனம் வரை சென்று வந்தவர். 1894இல் அந்த வேலையை விட்டுவிட்டு, வயதில் பிந்திய மாணவராகப் பாரிசில் இசை பயின்றார். வான்சான் தாந்தி நடத்திய ஸ்கோலா கன்டோரும் பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே எதிர்ப்பண்ணியல் (ஒரே நேரத்தில் பல மெட்டுகளைப் பின்னும் கலை) கற்பித்தார். இசையமைப்பாளர்கள் எரிக் சாத்தி, எட்கார் வரேஸ் ஆகியோர் அவரிடம் படித்தார்கள் என்றால் அவருடைய வகுப்பின் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

1909இல் புதிதாக மணந்த மனைவி பிளான்ஷோடு அவர் கிழக்கு நோக்கி நீண்ட பயணம் மேற்கொண்டார். எல்லோராக் குகைகளையும், ஜெய்ப்பூரையும், காசியையும் அப்போது பார்த்தார். அந்த மூன்று இடங்களின் நினைவில் “எவொக்காசியோன்” என்னும் மூன்று பகுதிகள் கொண்ட படைப்பு பிறந்து 1912இல் அரங்கேறியது. அதே பயணத்தில் அவர் சித்தோர்க் கோட்டையின் இடிபாடுகளையும் கண்டிருந்தார். அந்தக் காட்சி அவர் மனத்தில் சில ஆண்டுகள் கிடந்து, ஓபராவாக முளைத்தது.

நாடகத்தின் இந்தியா முழுக்க முழுக்க நூலகத்தில் செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது என்பதற்காகவே இதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மசனேயின் “லாகூர் மன்னன்”, டெலிப்பின் “லாக்மே” போன்ற முந்தைய தலைமுறையின் இந்திய ஓபராக்களை எழுதியவர்கள் இந்தியாவை மேடை அலங்காரமாகவே அறிந்திருந்தார்கள். ரூசல் வந்து பார்த்தவர். வந்து பார்த்தவர் எழுதியதாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதையும் கீழே காண்போம்.

பாடல் நூலை எழுதியவர் யார்?

ஓபராவில் பாடப்படும் சொற்களை, அதாவது பாடல் நூலை, எழுதியவர் லூயி லலுவா. சீன மொழியும் சீன இசையும் அறிந்த அறிஞர். இசையமைப்பாளர் டெபுசியின் நண்பர், அவருடைய வாழ்க்கையை எழுதியவர். பத்மாவதி என்றும் பத்மினி என்றும் அழைக்கப்படும் அரசியின் கதையை இந்தி மூலங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சில் தந்த தியோதோர் பவியின் நூலை லலுவா அடிப்படையாகக் கொண்டார்.

பாரிஸ் ஓபராவின் இயக்குநராகப் பொறுப்பேற்கவிருந்த ஜாக் ரூஷே, ரூசலின் “சிலந்தியின் விருந்து” என்னும் பாலே (நடன நாடகம்) 1913இல் பெற்ற வெற்றியைக் கண்டு, ஓபராவுக்கென்று ஒரு புதிய படைப்பைக் கேட்டார். வேலை நன்றாக முன்னேறியிருந்தபோது 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ரூசல் நாற்பத்தைந்து வயதில், உடல் வலுவில்லாத நிலையிலும், விரும்பிச் சேவையில் சேர்ந்தார். வெர்துன் களத்தின் பக்கம்வரை சென்றார். இசைக்குழுவுக்கான எழுத்து 1918இல்தான் முடிந்தது. ஆகவே 1923இல் பாரிசார் கேட்டது போருக்கு முன் கருக்கொண்ட இசை. நகரமோ அதற்குள் ஸ்திராவின்ஸ்கியின் புது இசைக்கும் ஜாஸுக்கும் மாறிவிட்டிருந்தது.

கதைச் சுருக்கம் என்ன?

முதல் அங்கம் சித்தோரின் அரண்மனைச் சதுக்கத்தில் நடக்கிறது. டில்லி சுல்தான் அலாவுதீன் உடன்படிக்கை செய்துகொள்ள வருகிறான். மன்னன் ரத்தன்-சேன் அவனை வரவேற்கிறான். விருந்தினருக்காக வீரர்களும், அடிமைப் பெண்களும், அரண்மனை மகளிரும் ஆடுகிறார்கள். அலாவுதீனின் கோரிக்கை ஒன்றுதான்: அரசி பத்மாவதியின் முகத்தைக் காண வேண்டும். அரண்மனைப் பெண் நகம்தி அரசியின் அழகைப் பாடுகிறாள். மாடத்தில் தோன்றும் பத்மாவதி ஒரு கணம் முகத்திரையை விலக்குகிறாள். அலாவுதீன் கலங்கிப்போய் உடனே விடைபெறுகிறான். அவனோடு வந்த பிராமணன் மட்டும் பின்தங்கி நின்று, அரசியை ஒப்படைக்காவிட்டால் நகரம் அழியும் என்று அறிவிக்கிறான். ஒரு காலத்தில் பத்மாவதியின் மேல் காதல் கொண்டு அரண்மனையிலிருந்து துரத்தப்பட்டவன் அவன் என்பதை மக்கள் அடையாளம் கண்டு, அவனை அடித்தே கொல்கிறார்கள். அவன் சாகும்போது நகரத்தின் அழிவைச் சொல்லிச் சாகிறான். தனித்து நிற்கும் பத்மாவதி, கணவனைப் பிரிவதைவிடச் சாவு வரட்டும் என்று தெய்வங்களை வேண்டுகிறாள்.

இரண்டாம் அங்கம் இரவில், சிவன் கோயிலுக்குள். போரில் சித்தோர் தோற்றுவிட்டது. விடியலில் பலி நடக்க வேண்டும் என்று குருமார் சொல்கிறார்கள். தானே பலியாவதாகப் பத்மாவதி முன்வர, ஓர் உயிர் போதாது என்று மறுமொழி வருகிறது. காயம்பட்ட ரத்தன்-சேன் உள்ளே வருகிறான். பத்மாவதியைக் கொடுத்தால் மக்கள் பிழைப்பார்கள், இல்லையேல் அனைவருக்கும் சாவு என்பது அலாவுதீன் விதித்த கெடு. மக்களுக்காக அவளை ஒப்படைத்தே தீர வேண்டும் என்கிறான் அவன். அவள் அவனைக் கத்தியால் குத்திக் கொல்கிறாள். கணவனைக் கொன்றது, மனைவியை விற்கும் பாவத்திலிருந்து அவனைக் காப்பதற்காக. அவன் இறந்துவிட்டதால் வழக்கப்படி அவளும் சிதையேற வேண்டும். நீண்ட சடங்கு நடக்கிறது. கதவுகளை உடைத்துக்கொண்டு அலாவுதீன் உள்ளே வரும்போது அங்கே எஞ்சியிருப்பது புகை.

நாம் அறிந்த பத்மினி கதையோடு இது ஒத்துப்போகிறதா?

ஓரளவுக்குத்தான். பெயர்கள் எல்லாம் பழையவை. பாத்திரங்கள் பல புதியவை.

மாலிக் முகம்மது ஜாயசி 1540இல் அவதி மொழியில் எழுதிய “பத்மாவத்” காவியமே இக்கதையின் மிகப் பழைய முழு வடிவம். அதில் பத்மாவதி சிங்களத் தீவின் இளவரசி. இலங்கைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு இதுதான். கிளி ஒன்று அவள் அழகை வருணித்து மன்னனை அங்கே கடல் கடக்க வைக்கிறது. காவியத்தில் நாகமதி மன்னனின் முதல் மனைவி, பத்மாவதியின் சக்களத்தி. ஓபராவில் அந்தப் பெயர் “நகம்தி” என்று திரிந்து, அரசியைப் புகழ்ந்து பாடும் இளம்பெண்ணுக்குப் போய்விட்டது. சக்களத்திச் சண்டையே இல்லை. காவியத்தில் கோராவும் பாதலும் மன்னனைச் சிறைமீட்கும் மாவீரர்கள். ஓபராவில் ஒருவன் அரண்மனை அதிகாரி, மற்றவன் தூதன். சூனியக்காரன் என்று நாடு கடத்தப்பட்ட ராகவ் சேதன்தான் பெயரில்லாத பிராமணனாக மாறி, சூனியத்துக்குப் பதில் காதலைக் குற்றமாகப் பெற்றிருக்கிறான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கொலை. ஜாயசியின் காவியத்தில் ரத்தன்-சேன் வேறொரு மன்னனான தேவபாலனோடு பொருது இறக்கிறான். மரபுக் கதைகள் எதிலும் அரசி கணவனைக் கொல்வதில்லை. அந்தக் குத்து லலுவாவின் கண்டுபிடிப்பாகவே தோன்றுகிறது. அதனால் இந்த நாடகம் முற்றுகையின் கதையாக இல்லாமல் ஒரு திருமணத்தின் கதையாகிவிடுகிறது. ரத்தன்-சேன் கோழை அல்லன்; குடிமக்களைக் காக்க வேண்டிய மன்னன். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. அவள் செய்வதிலும் ஒரு தர்க்கம் உண்டு. இரண்டு நியாயங்கள் மோதி, இரண்டும் அழியும் இடத்தில்தான் இது துன்பியல் ஆகிறது. அலாவுதீன் வெறும் காரணம்.

வரலாற்றில் இப்படி நடந்ததா?

அலாவுதீன் கில்ஜி 1303இல் சித்தோரைக் கைப்பற்றியது வரலாறு. அந்தப் படையெடுப்பைப் பற்றி எழுதிய, அக்காலத்துக் கவிஞர் அமீர் குஸ்ரு பத்மினி என்று ஓர் அரசியைக் குறிப்பிடவில்லை. ஜாயசி எழுதியது ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழித்து. ஓபரா அலாவுதீனை “மொகலாயர்களின் சுல்தான்” என்கிறது. மொகலாய அரசு 1526இல்தான் தொடங்கியது. ‘மொகலாயர்’ என்பது மங்கோலியர் என்ற பெயரின் திரிபு. மங்கோலியரின் படையெடுப்புகளைத் தடுத்து நின்றவனுக்கே அந்தப் பட்டம் கிடைத்திருப்பது வேடிக்கைதான்.

“ஓபரா-பாலே” என்று ஏன் இதை அழைக்கிறார்கள்?

பாட்டும் நடனமும் சம உரிமையோடு கதையை நடத்தும் பழைய பிரெஞ்சு வடிவத்துக்கு அந்தப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் இசையமைப்பாளர் ராமோ அதில் பேர்பெற்றவர். அவருடைய “லேஸ் அந்த் கலான்த்” 1735இல் வந்தது. (“அந்த்” என்பது இந்தியத் தேசங்களைக் குறிக்கும் சொல். பெயரில் இந்தியா இருந்தாலும் அதில் துருக்கி, பெரு, பாரசீகம், வட அமெரிக்கா எல்லாம் உண்டு, நம் நாடு இல்லை.) ரூசல் படித்த பள்ளி அந்தப் பழைய இசையை மீட்டெடுப்பதில் முன்னின்றது, அவர் அந்த வடிவத்தைத் தெரிந்தே கையில் எடுத்தார்.

ஒலிப்பதிவை மட்டும் கேட்பவருக்கு இது ஒரு தொல்லை. முதல் அங்கத்தின் நடனங்கள் வரிசையாக வரும்போது கண்ணுக்கு ஒன்றுமில்லாமல் காது மட்டும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வீரர்களின் நடனம் விறுவிறுப்பானது. அதற்குப் பின் வருவனவற்றில் கவனம் சற்றுத் தளர்ந்தால் குற்றமில்லை. இரண்டாம் அங்கத்தின் நடனம் அப்படியன்று. அங்கே காளி, துர்க்கை, பார்வதி, உமை, கௌரி எனச் சக்தியின் பெயர்களைத் தாங்கிய உருவங்கள் கருவறையிலிருந்து எழுந்து வருகின்றன. லலுவா இவர்களைச் சிவனின் மகள்களாக்கிவிட்டார். ஒரே தேவியின் பெயர்களான உமையையும் பார்வதியையும் கௌரியையும் தனித்தனிப் பெண்களாகக் காணும் தமிழ் வாசகர் புன்னகைக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த இடத்து இசையைக் கேட்டால் புன்னகை மறைந்துவிடும்.

இதில் இந்திய ராகங்கள் இருக்கின்றனவா?

இந்தக் கேள்வியை நம்மவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். “ஆம்” என்றோ “இல்லை” என்றோ ஒரே சொல்லில் விடை தர முடியாது.

ரூசல் பயணத்தில் கேட்ட மெட்டுகளைக் குறித்துவைத்தவர். மேலைப் பெரிய, சிறிய அளவுச் (மேஜர், மைனர்) சுரவரிசைகளுக்கு வெளியே உள்ள வரிசைகள் இந்த ஓபராவில் தொடர்ந்து வருகின்றன. நகம்தியின் பாட்டிலும், சொற்களின்றி வெறும் உயிரோசையால் பாடப்படும் பகுதிகளிலும், அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையே வழக்கத்தைவிட அகன்ற இடைவெளி விழுவதைக் கேட்கலாம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை படித்த காது, ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குத் தாவும் அந்தத் தாவலை உடனே தெரிந்துகொள்ளும்.

ஆனால் சுரவரிசை வேறு, ராகம் வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே கமகம் இல்லை. பிடிகள் இல்லை. ஆதார சுருதி நிலைத்து நிற்பதில்லை. ஒரு வரிசை நிலைபெறுமுன் அதன் அடியில் சுரக்கூட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) நகர்ந்து வேறொரு நிறத்துக்குப் போய்விடுகின்றன. ரூசலுக்கு அந்த வரிசைகள் புதிய சுரக்கூட்டுகளுக்கான மூலப்பொருள். அவற்றைக் கொண்டு அவர் கட்டுவது பிரெஞ்சுக் கட்டடம்தான். அப்படிக் கட்டியதை நான் குறையாக எண்ணவில்லை. இந்திய இசையைப் போலச் செய்ய முயன்று தோற்றவர்களைவிட, எடுத்ததைத் தன் மொழியில் செரித்துக்கொண்டவர் மேல்.

ஒப்பிட விரும்புவோர் ரூசலுக்குப் பின் 1911–12இல் இந்தியா வந்து சென்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜின் “நான்கு இந்துக் கவிதைகள்” என்னும் பாடல் தொகுப்பைக் கேட்கலாம். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஊரின் பெயர் உண்டு; ஒன்றின் பெயர் “மதராஸ்”. குரலை வளைப்பதிலும் தந்தி வாத்தியங்களைச் சறுக்கவிடுவதிலும் டெலாஜ் ரூசலைவிட வெகுதூரம் போனார்.

துலூஸ் ஒலிப்பதிவில் யார் யார் பாடுகிறார்கள்? தரம் எப்படி?

பத்மாவதியாக அமெரிக்க மெஸ்ஸோ-சொப்ரானோ (பெண்களின் நடுத்தரக் குரல்) மாரிலின் ஹார்ன். ரத்தன்-சேனாக ஸ்வீடன் நாட்டு டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) நிக்கொலாய் கெட்டா. அலாவுதீனாகப் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசே வான் டாம். நகம்தியாக ஜேன் பெர்பியே. பிராமணனாக சார்ல் பர்ல். கோராவாக மார்க் வென்டோ. பாதலாக லாரன்ஸ் டேல். அதிகம் விற்காது என்று தெரிந்த ஓர் ஓபராவுக்கு இவ்வளவு பெரிய பெயர்களை ஒரு நிறுவனம் திரட்டியது, அந்தக் காலத்தில் மட்டுமே நடக்கக்கூடிய காரியம்.

ஹார்ன், இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் ஓபராக்களில் வேகமான சுரக்கோவைகளுக்குப் பேர்போனவர். பத்மாவதியின் பாத்திரத்தில் அந்த வித்தைக்கு இடமே இல்லை. கேட்கப்படுவது ஆழமான, தாழ்ந்த குரல். ரூசல் அதைப் பெண் குரல்களில் மிகத் தாழ்ந்ததான கான்ட்ரால்டோ குரலுக்கு எழுதினார். ஹார்னின் கீழ்ச் சுரங்கள் அதற்குப் போதுமானவை மட்டுமல்ல, சில இடங்களில் அச்சமூட்டக்கூடியவை. முதல் அங்கத்தின் இறுதி வேண்டுதலில் அவர் குரலைப் பெருக்காமல் அடக்கிப் பாடுவதும், இரண்டாம் அங்கத்தில் கத்தியை எடுக்கும் முன் அதே அடக்கம் இறுகிப்போவதும் ஒரே மனிதரின் இரண்டு நிலைகளாகப் பொருந்துகின்றன. அவருடைய பிரெஞ்சு உச்சரிப்பில் மெய்யெழுத்துகள் சற்று மங்குகின்றன. பாடல் நூலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் சொற்களைப் பின்தொடர்வது கடினம்.

கெட்டா 1925இல் பிறந்தவர். இந்தப் பதிவின்போது வயது ஐம்பத்தேழைக் கடந்திருந்தது. அது கேட்கிறது. உச்சச் சுரங்களில் குரல் வறள்கிறது. ஒருசில இடங்களில் தள்ளிப் பாடுகிறார். ஆயினும் இந்தக் குறை பாத்திரத்துக்கு எதிராக வேலை செய்யவில்லை என்றே எனக்குப் படுகிறது. இரண்டாம் அங்கத்தில் தோற்று, குருதி ஒழுக வரும் மன்னனுக்கு இளமைக் குரல் பொருந்தியிருக்குமா என்பது ஐயம். முதல் அங்கத்தின் வரவேற்புக் காட்சியில்தான் அவரை மன்னிக்க வேண்டியிருக்கிறது. அவருடைய பிரெஞ்சு மற்றவர்கள் எல்லோருக்கும் பாடம்.

குரல் என்ற அளவில் மட்டும் பார்த்தால், சிறந்தவர் வான் டாம்தான். அலாவுதீன் பாடுவது சிறிது நேரமே. பத்மாவதியைக் கண்டபின் அவன் பேச்சில் விழும் தடுமாற்றத்தை, ஒரு சொல்லையும் மிகைப்படுத்தாமல், ஒலியின் நிறத்தை மாற்றியே காட்டிவிடுகிறார். வில்லன் என்று எண்ணிக் கேட்கத் தொடங்கியவர், அவன் மேடையை விட்டுப் போனதும் ஒரு வெறுமையை உணர்வார்.

பர்ல் பாடும் பிராமணன் மெல்லிய, உயர்ந்த, நெளியும் டெனர் குரல். நயவஞ்சகத்தின் ஒலி எப்படியிருக்கும் என்று ரூசல் எண்ணினாரோ அப்படியே இருக்கிறது.

சேர்ந்திசைக் குழுவைப் பலரும் தனியாகப் பாராட்டுவது ஏன்?

இந்த ஓபராவின் உண்மையான தலைமைப் பாத்திரம் கூட்டம்தான் என்பதால். சித்தோரின் மக்கள், வீரர்கள், குருமார், அரண்மனை மகளிர் என ஒவ்வொரு திருப்பத்திலும் கூட்டம் பாடுகிறது. பிராமணனைக் கொல்வதும் கூட்டம்தான். பதிவில் பாடுவோர் எல்லைக்கு அப்பால் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில், சான் செபாஸ்தியானில் 1897இல் தொடங்கப்பட்ட ஆர்ஃபெயோன் டொனோஸ்தியாரா என்னும் குழுவினர். அவர்கள் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஓபரா அரங்கக் குழுக்களில் காண முடியாத ஒரு திண்மை அந்த ஒலியில் இருக்கிறது: அடியிலிருந்து எழும் ஆண் குரல்கள், அவற்றின் மேல் அதிர்வு குறைந்த பெண் குரல்கள். இறுதிச் சடங்கில் சொல் கரைந்து ஓசை மட்டும் எஞ்சும் இடங்களில், பாட்டு கோயிலின் கற்களிலிருந்தே வருவதுபோல இருக்கிறது.

அதற்குப் பதிவு நடந்த இடமும் ஒரு காரணம். துலூஸின் ஆல்-ஓ-கிரேன் என்பது ஒரு காலத்தில் தானியச் சந்தை. அறுகோண வடிவக் கட்டடம். 1974 முதல், பிளாசோன் நடத்திவந்த துலூஸ் காப்பிட்டோல் இசைக்குழுவின் இருப்பிடம். பெரிய ஓசைகளை அது நன்றாகத் தாங்குகிறது. தனிக் குரலும் முழு இசைக்குழுவும் மோதும் இடங்களில் குரல் சற்றுப் பின்னுக்குப் போவதும் உண்டு. அதைப் பொறியாளர்கள் முழுதும் சரிசெய்யவில்லை.

நடத்துநர் பிளாசோனின் பங்கு என்ன?

1968 முதல் 2003 வரை துலூஸில் இருந்து, அந்த இசைக்குழுவைப் பிரான்சின் முன்னணிக் குழுக்களில் ஒன்றாக ஆக்கியவர் அவர். மறக்கப்பட்ட பிரெஞ்சு ஓபராக்களை ஒலிப்பதிவுக்குக் கொண்டுவருவதைத் தன் கடமையாகவே எடுத்துக்கொண்டார். “பத்மாவதி”யில் அவர் அவசரப்படுவதில்லை. முதல் அங்கத்தில் இன்னும் கொஞ்சம் விரைந்திருக்கலாம் என்று தோன்றும். இரண்டாம் அங்கம் முழுவதையும் ஒரே மூச்சாக, திறப்பிலிருந்து சிதைவரை தளராமல் கட்டிச் செல்லும்போது அந்தப் பொறுமையின் பயன் தெரிகிறது.

வேறு ஒலிப்பதிவுகள் உண்டா?

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1969இல் லண்டனில் ழான் மார்ட்டினோன் நடத்திய நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு குறுந்தகட்டில் கிடைத்தது. அதில் ரீட்டா கோர் பத்மாவதி, ஆல்பேர் லான்ஸ் ரத்தன்-சேன், ஜெரார் சூசே அலாவுதீன். நகம்தியாகப் பாடியவர் அதே ஜேன் பெர்பியே. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே பாடகியை ஒரே பாத்திரத்தில் கேட்கும் வாய்ப்பு சிறு மகிழ்ச்சி. ஒலித்தரம் மிகவும் எளியது. மார்ட்டினோனோ ரூசலின் மாணவர். தாளத்தில் பிளாசோனைவிடக் கூர்மை. ஒலிக்காகத் துலூஸ், சூட்டுக்காக லண்டன்.

முதலில் மேடையேறியபோது வரவேற்பு எப்படி? பிறகு ஏன் மறைந்தது?

1923இல் நடத்தியவர் பிலிப் கோபேர்; பத்மாவதியாகக் கெட்டி லப்பெரெட், ரத்தன்-சேனாகப் போல் பிரான்ஸ், அலாவுதீனாக எதுவார் ருவார். நடன அமைப்பு லேயோ ஸ்தாட்ஸ். மதிப்போடு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று சொல்லலாம். மக்கள் விரும்பிய ஓபராவாக அது என்றும் ஆகவில்லை.

மறைந்ததற்குக் காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. பெரிய சேர்ந்திசைக் குழு, பெரிய நடனக் குழு, பெரிய இசைக்குழு, அரிதாகக் கிடைக்கும் தாழ்குரல் நாயகி ஆகியவற்றை ஒன்றரை மணி நேரப் படைப்பு ஒன்றுக்காகத் திரட்ட எந்த அரங்கமும் தயங்கும். ஒரு மாலைப்பொழுதை அது தனியாக நிரப்புவதும் இல்லை. தனியே எடுத்துப் பாடி மேடைகளில் பரப்பக்கூடிய பாட்டும் இதில் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை.

இதை மேடையில் பார்க்க முடியுமா?

எப்போதாவது. அதிகம் பேசப்பட்டது 2008இல் பாரிஸ் ஷாத்லே அரங்கில் நடந்த தயாரிப்பு. இயக்கியவர் இந்தித் திரைப்பட இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலி; இசையை நடத்தியவர் லாரன்ஸ் பாஸ்டர்; நடனம் தனுஸ்ரீ சங்கர். மேடையில் யானையும் வந்தது. பத்தாண்டு கழித்து, 2018இல், அதே இயக்குநர் அதே அரசியின் கதையை இந்தியில் திரைப்படமாக எடுத்து வெளியிட்டார்; அதைச் சுற்றி எழுந்த போராட்டங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கணவனை அரசியே குத்திக் கொல்லும் ஓபராவை அவர் பாரிசில் இயக்கியபோது இங்கே யாரும் கவனிக்கவில்லை.

பிரெஞ்சு தெரியாமல் கேட்கலாமா?

கேட்கலாம். பழைய பதிப்புகளில் பாடல் நூல் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கும். அது இல்லாதபோது, மேலே தந்த கதைச் சுருக்கத்தில் மூன்று இடங்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நகம்தியின் பாட்டு, பிராமணன் கொலை, கோயிலில் கணவன் மனைவி உரையாடல்.

எங்கே கிடைக்கும்?

இ.எம்.ஐ.யின் செவ்வியல் பதிவுகள் 2013இல் வார்னர் நிறுவனத்துக்குச் சென்றன. ரூசல் பிறந்த 150ஆம் ஆண்டான 2019இல் வார்னரின் எராட்டோ முத்திரையில் வந்த அவருடைய தொகுப்புப் பெட்டியிலும் இந்தப் பதிவு இடம்பெற்றது.

உடன்கட்டை ஏறுவதை இந்த ஓபரா போற்றுகிறதா?

நியாயமான கேள்வி, தயங்காமல் கேட்க வேண்டியது. பாடல் நூல் அதைத் தெய்வக் கட்டளையாகக் காட்டுகிறது. எதிர்க்குரல் எதுவும் எழுவதில்லை. கீழை நாட்டுப் பெண் நெருப்பில் மறைவதை அழகிய காட்சியாக நுகர்ந்த ஐரோப்பிய ஆசையின் வழியில்தான் லலுவாவும் எழுதினார். 1829லேயே வங்காளத்தில் சட்டத்தால் தடுக்கப்பட்ட ஒரு வழக்கம், பாரிஸ் மேடையில் கால வரையறையற்ற “இந்தியா”வாக நின்றது.

இசை சொல்வது இவ்வளவு எளிதாக இல்லை. குருமாரின் பாட்டில் கருணையின் நிழல்கூட இல்லை. அது எந்திரம்போல மீண்டும் மீண்டும் வருகிறது, அவளுடைய குரல் அதற்குள் மெல்ல மெல்ல இடம் இழக்கிறது. கணவனைக் குத்தும்வரை அவளுடையதாக இருந்த நாடகம், அதன்பின் அவர்களுடையதாகிவிடுகிறது. ஹார்ன் அந்த இடங்களைப் பெருமிதத்தோடு பாடவில்லை, பயத்தோடு பாடுகிறார். ஓரிடத்தில் அவர் மூச்சு முறிவது ஒலிவாங்கியில் பதிவாகியிருக்கிறது. அது பிசகா, வேண்டுமென்றே விட்டதா என்று நான் பலமுறை திருப்பிக் கேட்டிருக்கிறேன்.